பத்தொன்பதாவது மாடிப் பல்லி

மனிதரைத் தவிர உயிருள்ளதையெல்லாம் கட்டடங்களிலிருந்து காட்டுக்கு அனுப்பும் சட்டம் வந்த பிறகு, எங்கள் பத்தொன்பதாவது மாடி வீட்டில் மிஞ்சியது நானும் டியூப்லைட் ஓரத்துப் பல்லியும்தான். கொசுக்கள் மட்டும் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை.

மனைவி நவமணி இறந்துபோனபின் என் பேச்சுக்கு ஆள் அந்தப் பல்லிதான். பெருங்குடி ஏரி முதலையைச் சைக்கிளில் டபுள்ஸ் ஏற்றிப்போன கதையைச் சொன்னபோதுகூட, ‘ச்சு, ச்சு’ என்று ஆமோதித்தது. பல்லி சொன்னால் பொய்யாகாது என்பார்கள். நானும் மரியாதையாகச் சுவரை மூன்று முறை தட்டிவைப்பேன்.

நேற்றுக் காலை அந்தச் சட்டப்படி வீட்டைச் சோதனையிட ஷகிலா என்ற பெண் வந்தாள்.

“என்ன தாத்தா, மேல பல்லியா?”

“மெஷினும்மா. கொசு பிடிக்க வாங்கினேன்.” வாழ்நாளெல்லாம் புளுகியவன்தான், இந்த ஒரு பொய்க்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

“எல்லாரும் இதையேதான் சொல்றாங்க.” சிரித்துக்கொண்டே கையிலிருந்த கருவியைப் பல்லியை நோக்கி நீட்டினாள். அதில் பச்சை விளக்கு எரிந்தது.

“அட, நெஜமாவே மெஷின்தான்! பழைய மாடல். யார் என்ன பேசினாலும் ஆமாம் போடும். ஆனா வாங்கினது நீங்க இல்லையே? நவமணின்னு பேர் காட்டுது.”

“என் சம்சாரம்தாம்மா” என்றேன்.

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

“நீ நெஜப் பல்லிதானே?”

‘ச்சு, ச்சு.’

சுவரை மூன்று முறை தட்டினேன்.