வெறும் முகம்

வருடக்கணக்காக ஓடும் அந்த விண்வெளித் தொடரில் நகைச்சுவை நடிகர் குழந்தைவேலு ஏழெட்டு வேற்றுக்கிரகவாசிகளாகச் செத்திருக்கிறார். எல்லாமே ரப்பர் முகமூடிக்குள். முகத்தைக் காட்டினால் சனம் சிரித்துவிடுமாம். இன்றுதான், கெஞ்சிக் கூத்தாடி, கப்பல் தலைவனின் தகப்பனாக வெறும் முகத்தோடு சாக வந்திருந்தார்.

"நல்லாயிரு மகனே" என்றார். நெஞ்சிலிருந்துதான் சொன்னார். மகனாக நடித்தவனே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினான். எத்தனை முறை எடுத்தும் அதே கதை.

"கோச்சுக்காதீங்கண்ணே, மாஸ்க்கே மாட்டிரலாம்" என்றார் இயக்குநர்.

மேக்கப் போடும் ரெஜினா பசையோடு வந்தாள். யாருடையதையோ கொடுப்பதுபோலக் குழந்தைவேலு முகத்தை நீட்டினார்.

"கண்ணு மட்டுமாச்சும் தெரியட்டுமாண்ணே?"

"வேணாம் தாயி. அதப் பாத்துதான் சிரிக்கிறானுங்க."