ஞாயிறுதோறும் எண்பத்து நான்கு கிலோமீட்டர்

மோல்டே ஊரில் மெக்கானிக் துரிட்டின் பட்டறைக்கு ஐவின் கிழவர் தன் டீசல் காரைக் கொண்டுவந்தார். புகைக்கரி ஃபில்டரின் விளக்கு எரிந்தது. ஆயில் நான்கு லிட்டர் குறைந்திருந்தது. ஒழுகலும் இல்லை, நீலப்புகையும் இல்லை. துரிட் வண்டியில் கணினியை மாட்டி ஓட்டப் பதிவைப் பார்த்தாள். ஞாயிறுதோறும் வண்டி எண்பத்து நான்கு கிலோமீட்டர் ஓடியிருந்தது.

“ஞாயித்துக்கிழமைல எங்க போறீங்க?”

“நான் எங்கம்மா போறேன்? என் வீட்டுக்காரி குன்வோர்தான் அவ தங்கச்சி வீட்டுக்கு ஓட்டிட்டுப் போவா. அவ போனதுலேருந்து வண்டி கொட்டகையிலதான் நிக்குது. இன்னைக்குத்தான் வெளிய எடுத்தேன்.”

மார்ச்சில் நடந்த குன்வோரின் அடக்கத்துக்குத் துரிட்டும் போயிருந்தாள். பதிவிலோ அதற்குப் பிறகும் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை; கடைசி ஓட்டம் நேற்று. திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

ஐவின் கடைசித் தேதியை விரலால் தொட்டார். “ரிப்பேர் எதுவும் வேணாம். ஆயிலை மட்டும் நிரப்பிடு.”

அடுத்த ஞாயிறு காலை துரிட் ஐவின் வீட்டு வழியே போனாள். கொட்டகை திறந்திருந்தது. ஐவின் நல்ல கோட்டுப் போட்டு, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தார்.