மூச்சுக் காட்டாத டயோடு

ஒரு ஹார்ட் டிஸ்க் சுழலாமல் நின்றுவிட்டது. அதற்குள் ஒரு குழந்தையின் முதல் வருடப் படங்கள் இருந்தன. வேறு எங்கும் பிரதி இல்லை.

"மோட்டார் படுத்துடுச்சு. தூக்கிப் போட வேண்டியதுதான்," என்றது மேசைமேல் இருந்த ஸ்க்ரூடிரைவர்.

"நான் நல்லாத்தாம்ப்பா இருக்கேன். எனக்குக் கரண்டே வரலை," என்று மோட்டார் அழாக்குறையாகச் சொன்னது.

மல்டிமீட்டர் அக்கா சர்க்யூட் போர்டின் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பார்த்தாள். மின்சாரம் நுழையும் இடத்தில் அரிசி அளவே இருந்த, அதிக மின்சாரம் வந்தால் தடுக்கும் காவல்கார டயோடைத் தொட்டதும் 'பீப்' என்று கத்திவிட்டாள்.

டயோடு மெல்ல வாய் திறந்தது. "நான்தான்க்கா கரண்டை உள்ளே விடலை. சொன்னா எல்லாரும் திட்டுவீங்கன்னு பேசாம இருந்துட்டேன்."

"எப்போலேருந்து?"

"லேப்டாப் சார்ஜரை மாத்தி இதுல செருகினாங்களே, அன்னிலேருந்து. பன்னிரண்டு வோல்ட் வர்ற இடத்துல பத்தொன்பது வந்துச்சு. உள்ளே போகக்கூடாதுன்னு பிடிச்சேன். அப்புறம் எனக்கு விடத் தெரியலை."

ஸ்க்ரூடிரைவர் மேசை ஓரமாக உருண்டு ஒதுங்கியது.

"உன்னை எடுத்தாத்தான் மோட்டார் சுத்தும்டா," என்றாள் அக்கா மெதுவாக.

"எடுத்துடுங்க. ஆனா இனிமே சார்ஜரைப் பார்த்துச் செருகச் சொல்லுங்க. தடுக்க ஆளில்லை."

சால்டரிங் அயர்ன் சூட்டில் டயோடு கழன்று வந்தது. மோட்டார் சுழன்றது. படங்கள் கணினிக்குப் போகத் தொடங்கின.

மேசையில் கிடந்த டயோடு கேட்டது: "இப்ப என்ன படம்க்கா?"

"வாயெல்லாம் சோறு."

"அடுத்தது?"

"இருடா, தவழ்ந்து வர்றா."