அடுத்த வீட்டு ஏசி

பெரம்பலூரில் பரிமளாவின் வீட்டை அடுத்தது தென்றலின் வீடு. போன வருடம் தென்றல் வீட்டுக்குப் பெரிய டிவியும் ஸ்பீக்கரும் வந்தன. பரிமளா தன் கணவன் ராஜராஜனிடம் தினமும் சண்டை போட்டு அதேபோல் வாங்க வைத்தாள். இந்தச் சித்திரையில் அங்கே ஏசி வந்தது.

"அவங்களும் நம்மளாட்டம்தானே சம்பாதிக்கிறாங்க? நான் மட்டும் வெந்து சாகணுமா?"

அரியலூரில் சிமெண்டு லாரி ஓட்டும் ராஜராஜன் அலுத்து வந்து பதிலுக்குக் கத்துவான். ஒருநாள் சோற்றுத் தட்டே பறந்தது. கடைசியில் அவன் ஏசிக்குச் சம்மதித்தான்.

எந்த ஏசி நல்லது என்று கேட்கப் பரிமளா தென்றலிடம் போனாள்.

"எங்களுக்கு அது ஒத்துக்கலக்கா. எல்லாருக்கும் சளி புடிக்குது."

"அப்புறம் ஏன் வாங்குனீங்க?"

தென்றல் தயங்கினாள். "தப்பா நெனைக்காதீங்கக்கா. சத்தம் கேட்டா பாப்பா நடுங்கிப் போயிடுறா. முதல்ல டிவிய சத்தமா வச்சுப் பார்த்தோம். அப்பவும் கேட்டுச்சு. ஏசி போட்டா ஜன்னலச் சாத்திக்கலாம்னுதான்."

"எந்தச் சத்தம்?"

"நீங்களும் அண்ணனும் போடுற சண்டைதாங்கக்கா."

பரிமளா வீடு திரும்பினாள். ராஜராஜன் பஸ்ஸில் வந்து இறங்கி வாசலில் நின்றிருந்தான்.

"பைக்க வித்து ஏசிக்குப் பணம் கட்டிட்டேன். இப்பத் திருப்தியா?" என்று இரைந்தான்.

"மெதுவாப் பேசுங்க" என்றாள் பரிமளா. "பக்கத்துல கொழந்த இருக்கு."