பதில் கூவல்

சதுப்புநில ஆய்வாளர்கள் மாநாட்டில் அன்று மத்தியானம் அவள் பேச வேண்டியது இதுதான்: "இந்த ஏரியில் நாணல்கோழி அடியோடு அழிந்துவிட்டது." எதற்கும் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று காலையிலேயே பேராசிரியரோடு சேற்றில் இறங்கி, பதிவுசெய்து வைத்திருந்த அதன் கூவலை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டாள்.

நாணலுக்குள்ளிருந்து பதில் கூவல் வந்தது!

"போச்சு சார், என் மூணு வருஷ ஆராய்ச்சி!"

"போனா போகட்டும்மா, கோழி இருக்கே! இன்னொரு வாட்டி போடு."

போட்டாள். பதில் இன்னும் கிட்டத்தில் கேட்டது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாணல் விலகியது. முழங்கால் வரை சேறும் கையில் ஒரு ஸ்பீக்கருமாக, மாநாட்டுக்கு வந்திருந்த வேறொரு கல்லூரி மாணவன் நின்றான். அவள் கையிலிருந்த ஸ்பீக்கரைப் பார்த்ததும் அவன் முகம் தொங்கிப்போனது.

"அக்கா... அப்போ நீங்கதான் அந்தக் கோழியா?"