ஓய்வு பெறுகிறவர்

வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பெங்களூர்க்காரர், ஓசூர்த் தொழிற்சாலை வாசலில் இன்னாசிமுத்துவை உட்காரவைத்தார்.

"நாளையோட அம்பத்தெட்டு முடியுது. மனசைத் தயார் பண்ணிட்டீங்களா, பெரியவரே?"

"மனசு மரத்துப் போச்சுங்க."

"அடுத்து என்ன திட்டம்?"

"வேற வேலை தேடணும். கடைசிப் பொண்ணு இப்பத்தான் எட்டாவதுங்க."

"இந்த வயசுல உடம்பு தாங்குமா?"

"தாங்கும்ங்க. எனக்கு அம்பத்திரண்டுதான்."

பெங்களூர்க்காரர் ஆபீஸ் ஃபைலைப் பிரித்தார். "வயசுக்கு ஆதாரமாக் குடுத்த ஞானஸ்நானச் சர்டிபிகேட்ல இன்னாசிமுத்துன்னு உங்க பேர்தானே இருக்கு?"

"அது எங்கண்ணனுதுங்க. ரெண்டு வயசுல செத்துட்டான். அப்புறம் பொறந்த எனக்கும் அதே பேரை வச்சாங்க. கோயில்ல பழைய பதிவைப் பார்த்து எழுதிக் குடுத்துட்டாங்க. ஆபீஸ்ல சொன்னேன், நம்பல."

இன்னாசிமுத்து எழுந்தார்.

"நாளைக்கு மாலை போடப்போறது அவனுக்குத்தானுங்க."