செவ்வாய்க்கிழமை வாங்க

"இன்னிக்கு வாங்க முடியாதும்மா. செவ்வாக்கிழமை வாங்க."

பள்ளிக்கூடத்தின் பெயரைப் பார்த்ததுமே மாலதி மேடம் விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளிவிட்டாள்.

கொளஞ்சிக்குச் சுருக்கென்றது. சிதம்பரத்தில் மெஸ் சமையலுக்கு லீவு சொல்லிவிட்டு, மகள் பவானியின் உதவித்தொகைக்காக மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸ் வரை பஸ் ஏறி வந்தவள். இன்று வெள்ளி; காலேஜ் பீஸ் கட்ட வரும் புதன்கிழமை கடைசி நாள். தவறினால் சீட்டு வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

"எனக்கு முன்னாடி வந்தவுங்ககிட்ட வாங்குனீங்களே மேடம்?"

"அது வேற. நீங்க செவ்வாக்கிழமை வாங்க."

"ஏன்னாவது சொல்லுங்களேன்."

மாலதி பக்கத்து மேசையை ஓரக்கண்ணால் பார்த்தாள். "சொல்ல முடியாது. அடுத்த ஆள் வாங்க."

வெளியே மரத்தடியில் மனு எழுதிக்கொடுக்கும் சிங்காரம், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுகூடவா தெரியல? கையில ஏதாவது வைப்பியான்னு பாக்குறாங்க."

"வாயத் தொறந்து கேக்கலியேண்ணே."

"கேட்டாங்கன்னு எழுதுனாத்தான் எடுபடும். ரெண்டாயிரம்னு போட்டுடவா?"

கொளஞ்சிக்குத் தெரியும், பொய்தான். ஆனால் வீட்டில் பவானி புதுப் பையை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாளே! தலையை ஆட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். கூட்டத்தில் இடித்துப் பிடித்துக்கொண்டு போய் மனுவைக் கொடுத்தாள். சீல் விழுந்தது, நம்பர் விழுந்தது. ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டபோது அவளுக்கு மனசு குளிர்ந்தது. மாட்டுனா பாரு!

மறுநாள் சண்டைக்குத் தயாராகத்தான் ஆபீசுக்குப் போனாள்.

"வாங்கம்மா, உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்." மாலதி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உங்க பொண்ணு படிச்சது அரசு உதவி பெறும் பள்ளிக்கூடம். இதுவரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு மட்டுந்தான் குடுத்தாங்க. இன்னிலேர்ந்து இவுங்களுக்கும் உண்டுன்னு ஆர்டர் வந்துடுச்சி."

கொளஞ்சிக்கு ஒன்றும் ஓடவில்லை. "அத வெள்ளிக்கிழமையே வாங்கி வச்சிருக்கலாமே?"

"வாங்குனா அப்பவே நம்பர் போடணும். பழைய ரூல்படி தள்ளுபடி ஆயிருக்கும். ஒருதரம் நம்பர் விழுந்துட்டா இந்த வருஷம் மறுபடி போட முடியாதும்மா. ஆர்டர் கைக்கு வராம வெளிய சொன்னா என் வேலைக்கே ஆபத்து. அதான் உங்கள அலைய விட்டுட்டேன், மனசுல வச்சிக்காதீங்க." பேசிக்கொண்டே விண்ணப்பத்தில் சீல் குத்தினாள். "இந்த லெட்டர காலேஜ்ல குடுங்க. பவானிகிட்ட பீஸ் கேக்க மாட்டாங்க."

கொளஞ்சியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லெட்டரை வாங்கிக்கொண்டு, மனு கொடுத்த இடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ரசீதை நீட்டினாள்.

"ஐயா, நேத்து குடுத்த மனுவத் திருப்பிக் குடுத்துடுங்க. அந்த மேடம் காசே கேக்கல. நாந்தான் பொய்யா எழுதிக் குடுத்தேன்!"

அங்கிருந்தவர் ரசீதை வாங்கிப் பார்த்தார். கம்ப்யூட்டரைத் தட்டினார். பிறகு ரசீதை அவளிடமே நீட்டினார்.

"விசாரணைக்குப் போயிடுச்சேம்மா. ஒருதரம் நம்பர் விழுந்துட்டா எடுக்க முடியாது."